கூரை மூடியிருந்த கார்

“புருஷனா நடிக்கவா, தம்பியா நடிக்கவா?” என்று கேட்டான் புரோக்கர்.

“டிரைவரா நடி,” என்றாள் மேடம். “உன் சட்டைக்கு அதுதான் பொருந்துது.”

பட்டறையின் தகரக் கதவுக்கு வெளியே வண்டியை நிறுத்தினார்கள். மேடம் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய கார்களைப் பார்த்து மதிப்புப் போட்டவள். பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், தனியாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டாள். அவளிடம் அப்படி மாட்டியவர்களில் ஒருவன்தான் புரோக்கர். அப்போது பழைய கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தான். இப்போது அவளிடம் சம்பளம் வாங்குகிறான். அவளுக்குத் துரு தெரியும், அவனுக்கு விலை தெரியும். வாய் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து அவனிடமே இருந்தது.

அவர்களைத் தேடி வந்தவள் ஒரு அக்கா. ஆபீஸில் உட்கார்ந்ததுமே, “நான் அவனோட அக்கா” என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டாள். அதற்கு மேல் தன்னைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லாதவள் மாதிரி இருந்தாள். நாற்காலியில் அவள் கால் தரையில் படவில்லை. அவ்வளவு குள்ளம். தம்பி அதற்கு நேர் எதிர், நிலைப்படியில் குனிந்து நுழைகிறவன், வீட்டில் அவனை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்களாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, தன்னுடைய சிவப்பு ஓப்பன் காரை எடுத்துக்கொண்டு போனவன். கூரையைப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு ஓட்டுகிற பழங்காலத்துக் கார். போனவன் போனவன்தான். போன் வரவில்லை. வயது வந்த பையன், சொந்த வண்டி, தானாகப் போயிருக்கிறான், நாங்கள் என்ன செய்ய என்று போலீஸும் கைவிரித்துவிட்டது.

போன வாரம் பழைய கார் விற்கிற விளம்பரப் படம் ஒன்றில் அந்தக் காரை அக்கா பார்த்தாள். கியர் கம்பியின் தலையில் ஒரு பித்தளைக் குழாய்ப்பிடி இருந்தது. சமையலறையில் ஒழுகிய குழாயிலிருந்து தம்பியே கழற்றி வைத்துக்கொண்டது. அதற்காக அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

“அவன் வித்திருக்கான் மேடம். வித்திருந்தா உயிரோட இருக்கான்னுதானே அர்த்தம்?” என்றாள் அக்கா. “எங்க இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. திரும்பி வான்னு நான் கேக்கமாட்டேன்.”

அந்தக் கார் இப்போது பட்டறைக்குள், ஒரு போர்வைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். விரல் நகங்களில் பெயிண்ட். போர்வையை இழுத்த வேகத்தில் ஒரு மேஜிக்காரனின் பெருமை இருந்தது.

“ஒரு பொட்டு துரு கிடையாது. வறண்ட ஊரு, காத்தாட ஷெட்டு. பொத்திப் பொத்தி வச்சிருந்தாங்க.”

“யாரு வச்சிருந்தாங்க?” என்றாள் மேடம்.

“ஒரு பையன். வந்தான், வித்தான், போயிட்டான்.”

“பையன் எப்படி இருந்தான்?”

“பையன் மாதிரி இருந்தான்.”

சிவப்புப் பெயிண்ட் கண்ணைப் பறித்தது. கூரைத் துணி இன்னும் போடவில்லை. இரும்புச் சட்டங்கள் மட்டும் மடங்கிக் கிடந்தன. சீட்டுகளுக்குப் புது உறை. குழாய்ப்பிடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். அதன் பள்ளங்களில் மட்டும் பச்சைக் களிம்பு ஒட்டியிருந்தது.

“என்ன விலை?” என்று புரோக்கர் கொட்டாவி விட்டபடியே கேட்டான். பட்டறைக்காரர் ஒரு தொகை சொன்னார். கொட்டாவி பாதியில் நின்றது. அவன் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். “இன்னிக்கே எடுத்துக்கிட்டா இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்.”

புரோக்கர் மேடத்தை ஓரமாக அழைத்துப் போனான்.

“மேடம், என் வாழ்க்கையில இப்படி ஒரு கொடுமை நடந்ததில்ல. நான் பேரம் பேசறதுக்கு முன்னாடியே அவரு தோத்துட்டாரு.”

“சொல்ற விலை சரியா?”

“துரு இல்லாத வண்டின்னா இது பாதி விலைகூட இல்ல. துருப்பிடிச்ச வண்டின்னா, அதை மறைக்க இவ்வளவு பெயிண்ட் அடிச்சவன் முழு விலை சொல்லணும். பொய் சொல்றவன் பொய்க்கு ஏத்த விலையைத்தான் சொல்வான், நானே அப்படித்தான். இவரு துருவுக்காகக் குறைக்கல.”

“வேற எதுக்கு?”

“வண்டி இங்க நிக்கறது அவருக்குப் பிடிக்கல. பாருங்க, பேசும்போதுகூட அது பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறாரு.”

மேடம் கைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தாள். துணி சுற்றிய காந்தம். கதவுக்கு அடியில், கால் வைத்து ஏறும் இடத்தில், வண்டியின் நீளத்துக்கு ஓடும் தகட்டில் அதை வைத்தாள். ஒட்டாமல் கீழே விழுந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தாள். அங்கேயும் விழுந்தது.

“இரும்பு எங்கங்க போச்சு?” என்றாள்.

“பள்ளத்துல கொஞ்சம் பட்டிப் பசை வச்சிருக்கு,” என்றார் பட்டறைக்காரர். “எல்லா வண்டிக்கும் வைக்கறதுதான்.”

“நீ ஏறி உக்காரு,” என்றாள் மேடம் புரோக்கரிடம். அவன் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தினாள். காலியாக இருந்தபோது வெண்ணெய் மாதிரி மூடிய கதவு இப்போது பூட்டுக்கு மேலே போய் இடித்தது.

“நான் குண்டுன்னு இதுக்கு மேல நாசூக்கா யாரும் சொன்னதில்ல,” என்றான் புரோக்கர்.

“மத்த காருக்கு மேல கூரை பிடிச்சு நிறுத்தும். ஓப்பன் காருக்கு இந்த அடித்தகடுதான் முதுகெலும்பு,” என்றாள் மேடம். “இது அரிச்சுப்போச்சு. ஆள் உக்காந்தா வண்டி நடுவுல தொங்குது. வறண்ட ஊரு ஷெட்டுல இருந்த வண்டிக்கு முதுகெலும்பு இப்படிப் போகாதுங்க.”

பட்டறைக்காரர் நகத்திலிருந்த பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தார்.

மேடம் பின்பக்க டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கினாள். உள்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை.

“மேக்கப் முகத்தோட நின்னுடுச்சு,” என்றான் புரோக்கர்.

உள்சுவரில் சேற்று நிறத்தில் ஒரு கோடு ஓடியது. டீக்கோப்பையின் உள்ளே படிகிற கறை மாதிரி மெல்லிய கோடு. ஆனால் கோணலாக, முன்பக்கம் ஏறியும் பின்பக்கம் இறங்கியும் இருந்தது.

“தண்ணி நின்ன கோடு,” என்றாள் மேடம். “தண்ணி எப்பவும் மட்டமாத்தான் நிக்கும். அப்போ கோணலா இருந்தது வண்டி. மூக்கு கீழ, வால் மேல. குளத்துலயோ குட்டையிலயோ தலைகுப்புறக் கிடந்திருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல.”

“நீங்க போலீஸா?” என்றார் பட்டறைக்காரர்.

“இல்லீங்க,” என்றான் புரோக்கர். “அவங்க இன்னும் மரியாதையா பேசுவாங்க.”

மேடம் நிற்கவில்லை. மடங்கிக் கிடந்த கூரைச் சட்டங்களை விரித்து, ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தாள். மடித்து வைத்திருந்தால் பட்டை மேல் பட்டை படிந்து உள்பக்கம் கொஞ்சமாவது தப்பித்திருக்கும். இங்கே எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அரித்திருந்தது.

“தண்ணிக்குள்ள போகும்போது கூரை மூடியிருந்தது,” என்றாள்.

“ஓப்பன் காரை மூடிக்கிட்டு எதுக்குத் தண்ணியில விடணும்?” என்றான் புரோக்கர்.

“உள்ள இருக்கறது வெளிய தெரியக் கூடாதுன்னா.”

பிறகு டிரைவர் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தாள். சீட் முன்னும் பின்னும் ஓடுகிற தண்டவாளம் முழுக்கத் துருவேறிப் பொரிந்திருந்தது, முன்கோடியில் நாலு விரல் இடத்தைத் தவிர. சீட்டின் கால் அங்கே உட்கார்ந்து அந்த இரும்பைக் காப்பாற்றியிருந்தது.

“சீட்டை முழுசா முன்னாடி இழுத்துப் போட்டு ஓட்டியிருக்காங்க,” என்றாள்.

புரோக்கர் குனிந்து அந்த இடத்தைக் கையால் அளந்து பார்த்தான். நிலைப்படியில் இடித்துக்கொள்கிற நெட்டை இந்தச் சீட்டில் அப்படி உட்கார்ந்தால், முழங்கால் மோவாயைத் தொடும்.

பக்கத்து சீட்டுக்கு அடியிலும் மேடம் டார்ச்சைத் திருப்பினாள். தரையோடு போல்ட் போட்ட சீட் பெல்ட் கொக்கி, கழற்ற வராமல் துருவோடு துருவாக அங்கேயே இருந்தது. அதற்குள் பெல்ட்டின் நாக்கும் மாட்டியபடியே இறுகிப் போயிருந்தது. நாக்கில் ஒரு விரல் நீளத்துக்குப் பட்டை. முனை இற்றுப்போகவில்லை, கத்தியால் நேராக அறுத்திருந்தது.

“பெல்ட்டைக் கழட்டி எறிஞ்சுட்டீங்க. கொக்கி வரல,” என்று மேடம் எழுந்து நின்றாள். “இந்தப் பெல்ட்டுக்குள்ள யாரு இருந்தாங்க?”

பட்டறைக்காரர் ஒரு டின்னின் மேல் உட்கார்ந்தார். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல் குவாரி. பள்ளம் முழுக்கத் தண்ணீர். இந்தக் கோடையில் கட்டட வேலைக்காக யாரோ மோட்டார் வைத்து இறைத்தார்கள். ஒரு காரின் பின்பக்கம் தெரிந்தது. பழைய இரும்பு விலைக்கு அதைப் பேசி முடித்துக்கொண்டு, இவரே கம்பி கட்டி இழுத்தார். கூரைத் துணி இற்றுக் கையோடு வந்தது. பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“எலும்புதான். ஆனா உக்காந்திருந்தது,” என்றார். “பெல்ட் பிடிச்சு நிறுத்தியிருந்தது. கால் எலும்பு அவ்வளவு நீளம். சொன்னா வண்டியப் பறிச்சிடுவாங்க, என்னையும் கேள்வி கேப்பாங்கன்னு பயந்துட்டேன். தார்ப்பாய்ல சுத்தி, குவாரியிலயே ஒரு மூலையில வச்சு, கல்லை அடுக்கி மூடிட்டேன். மன்னிச்சிடுப்பான்னு சொல்லிட்டுத்தான் மூடினேன்.”

“அந்த இடத்தைக் காட்ட முடியுமா?”

“மறுவாரமே மழை பிடிச்சுக்கிச்சு மேடம். இப்போ பழையபடி முழுக்கத் தண்ணி. எந்த மூலைன்னு எனக்கே தெரியல.”

புரோக்கர் தங்கள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

கிளம்பும்போது அவள் கண் வாசலோரம் இருந்த கழிவு டிரம்மில் விழுந்தது. டிரைவர் பக்கத்து அடித்தகட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகள். வெட்டிய அந்த இடத்தில் மட்டும் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். ஒரு துண்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை இருந்தது. துரு அரித்த ஓட்டைக்கு ஓரம் பொடிப்பொடியாக இருக்கும். இது கிழிந்த ஓட்டை. கிழிந்த ஓரங்கள் மேல்நோக்கி மடங்கியிருந்தன. அந்த மடிப்பிலும் தண்ணீரில் ஊறிய துரு ஏறியிருந்தது. மூழ்குவதற்கு முன்பே கிழிந்திருக்கிறது.

“குவாரிக் கல்லு குத்தியிருக்கும்,” என்றார் பட்டறைக்காரர்.

“மூக்கு கீழ கிடந்த வண்டிக்கு நடுவுலயா?” என்ற மேடம், அதைத் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வண்டியில் போகும்போது புரோக்கர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

“நம்ம கிளையண்டே குள்ளம்தான் மேடம்.”

“தெரியும்.”

“செஞ்சவங்களே கண்டுபிடிக்கச் சொல்லி வருவாங்களா?”

“வருவாங்க. எவ்வளவு கண்டுபிடிக்க முடியும்னு பாக்கறதுக்கு.”

“அவங்களா இருக்கக் கூடாதுன்னு நெனைக்கறேன்.”

“யாரா இருந்தாலும் அவங்க தம்பி திரும்பி வரமாட்டான்,” என்றாள் மேடம். “நீ ரோட்டைப் பாரு.”

“சொல்லாம விட்டுட்டா என்ன? வித்தவன் ஊரைவிட்டுப் போயிட்டான்னு சொல்லிடலாம். பாவம், நல்லா இருக்கான்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டுப் போகட்டும்.”

“எட்டு வருஷமா அப்படித்தான் இருந்தாங்க. அது நல்லா இருந்த மாதிரி அந்த முகத்துல தெரிஞ்சுதா உனக்கு?”

அவன் கியரை மாற்றினான்.

ஊர் முடிகிற இடத்தில் தனியாக இருந்த ஓட்டு வீடு. அக்கா கதவைத் திறந்ததும் அவர்கள் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் உள்ளே போய் இரண்டு நாற்காலிகளை எடுத்துப் போட்டாள்.

“நீங்க கார் ஓட்டுவீங்களா?” என்று மேடம் நேராகவே கேட்டாள்.

“எனக்கு சைக்கிளே வராதுங்க. ஏன்?”

அவள் கேட்டது நிஜமாகவே புரியாமல் கேட்ட கேள்வி. மேடம் எத்தனையோ பொய்களைப் பார்த்தவள். இது அந்த ரகம் இல்லை.

உள்ளறையில் யாரோ இருமினார்கள். “அப்பா,” என்றாள் அக்கா. “பக்கவாதம் வந்து மூணு வருஷமாச்சு. பேச்சு வராது. சொல்றதெல்லாம் புரியும். ஆமான்னா கண்ணை மூடித் திறப்பாரு, அவ்வளவுதான்.”

திறந்திருந்த கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது. சாதாரணக் கட்டில்தான். ஆனால் அதில் படுத்திருந்தவரின் பாதத்துக்குக் கீழே பாதிக் கட்டில் காலியாக இருந்தது, மகளைப் போலவே அவ்வளவு குள்ளம். சுவரில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் தொங்கியது.

“அப்பா என்ன வேலை பாத்தாரு?” என்றாள் மேடம்.

“குவாரியில கிரேன் ஓட்டுனாரு. அதை மூடற வரைக்கும் அங்கதான்.”

புரோக்கர் நாற்காலியிலிருந்து எழுந்து, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

மேடம் எதையும் சுற்றி வளைக்கவில்லை. கார் எங்கே கிடந்தது, உள்ளே யார் இருந்தார், எந்த சீட்டில், சீட் எப்படி இழுத்திருந்தது என்று வரிசையாகச் சொன்னாள். அக்கா அழவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், “அப்பா கொன்னுட்டாருன்னு சொல்றீங்களா?” என்றாள்.

“அப்பா கொண்டுபோய் விட்டாரு. கொன்னது யாருன்னு எனக்கு இன்னும் தெரியல. அந்தக் காரை எங்க நிறுத்துவாங்க?”

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. உத்தரத்தில் இன்ஜினைத் தூக்குகிற செயின் பிளாக் துருப்பிடித்துத் தொங்கியது. மூலையில் ஸ்பானர்கள், எண்ணெய் டின்கள், ஒரு ஜாக்கி. எட்டு வருஷமாக யாரும் எதையும் தொடவில்லை.

“அன்னிக்கு என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்லுங்க,” என்றாள் மேடம்.

“அம்மாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன் செய்யணும்னாங்க. காரை வித்துடலாம்னு அப்பா சொன்னாரு. தம்பியும் சரின்னுதான் சொன்னான். வாங்கறவங்க மறுநாள் வர்றதா இருந்தது. அடியில எவ்வளவு துரு இருக்குன்னு பாத்துட்டா விலை சொல்லச் சரியா இருக்கும்னு ரெண்டு பேரும் பேசிட்டிருந்தாங்க. நான் அம்மாவோட ஆஸ்பத்திரியில இருந்தேன். மறுநாள் சாயங்காலம் துணி எடுக்க வந்தப்போ அவனும் இல்ல, காரும் இல்ல. அப்பாதான் சொன்னாரு, கடைசி நேரத்துல விக்க மாட்டேன்னுட்டான், சண்டை போட்டுட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்னு. அப்பா கால்ல புண்ணு இருந்தது. அவனைத் தேடி நடந்தேன்னாரு.”

மேடம் கைப்பையிலிருந்து தகட்டுத் துண்டை எடுத்தாள். குனிந்து, ஜாக்கியின் தலையில் அந்த ஓட்டையை வைத்தாள். டப்பாவுக்கு மூடி மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது.

அக்கா ஒரு அடி கிட்டே வந்தாள்.

“வண்டிக்கு ஜாக்கி வைக்கிற இடம் இது,” என்றாள் மேடம், தாழ்ந்த குரலில். “மேல பெயிண்ட் இருந்திருக்கும், நல்ல தகடு மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். உள்ள முழுக்கத் துரு. தூக்கும்போது தாங்கிச்சு. அப்புறம் ஜாக்கி தகட்டைக் கிழிச்சுக்கிட்டு மேல போயிடுச்சு. வண்டி இறங்கிடுச்சு.”

“தம்பி அடியில இருந்தான்,” என்றாள் அக்கா.

“ஆமா.”

“துரு பாத்துட்டிருந்தான்.”

“ஆமா. கூரையைத் திறந்துட்டு அவனை இந்தச் செயினாலதான் தூக்கி உள்ள இறக்கியிருப்பாரு. வழியில யாரும் பாக்கக் கூடாதுன்னு மூடியிருப்பாரு.”

அக்கா ஜாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அவன் ஓடிப்போகல,” என்றாள். “அம்மா ஆஸ்பத்திரியில கிடக்கறப்போ காருதான் பெருசுன்னு போயிட்டானேன்னு நான் பேசாத பேச்சில்ல. அம்மா முன்னாடியே பேசியிருக்கேன். அம்மா மட்டும் அவனை விட்டுக்கொடுக்கல. கடனை வாங்கி ஆபரேஷன் செஞ்சோம், அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இருந்தாங்க. கோவம் தீர்ந்தா வந்துடுவான்னு சொல்லிக்கிட்டேதான் போனாங்க.”

அவள் தகட்டை ஜாக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். மேடமும் புரோக்கரும் பின்னால் போனார்கள்.

அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. கொட்டகைப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். மகளின் கையில் இருந்த தகட்டைப் பார்த்ததும், அந்தப் பார்வை அதிலேயே நின்றுவிட்டது.

“அப்பா,” என்றாள். “தம்பி வண்டிக்கு அடியில படுத்திருந்தானா?”

கண்கள் மூடித் திறந்தன.

“ஜாக்கி நீங்க போட்டதா?”

மூடித் திறந்தன.

“அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாங்கன்னுதான் அப்படிச் சொன்னீங்களா?”

இந்த முறை மூடிய கண்கள் திறக்கக் கொஞ்சம் நேரமானது. திறந்தபோது ஓரத்தில் ஈரம் வழிந்து காதுக்குள் போனது. அவரால் துடைத்துக்கொள்ள முடியாது.

“சரி. அம்மா போனதுக்கப்புறம்? எனக்கு ஏம்ப்பா சொல்லல?”

அதற்கு ஆமாம் போதாது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவளும் பதில் வரும் என்பது போல் நின்றுகொண்டே இருந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. தொண்டையில் ஏதோ உருண்டது. ஒரு சொல்லும் வரவில்லை.

புரோக்கர் தன்னையறியாமல், “விடுங்கக்கா,” என்றான்.

அக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்து அப்பாவின் காதைத் துடைத்தாள். துடைத்துவிட்டு மேடத்தைப் பார்த்தாள்.

“குவாரிக்குப் போனா ஏதாவது பாக்க முடியுமா?”

“தண்ணிதான் இருக்கும். இன்னொரு வறட்சி வந்து அதை இறைச்சாத்தான் தேடவே முடியும்.”

“போலீஸ்ல சொல்லணுமா?”

“சொல்லலாம். சொன்னா யார் மேல புகார்னு கேப்பாங்க.”

அக்கா தகட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அது அங்கே நிற்காமல் சாய்ந்தது. சுவரோரமாகத் தள்ளி வைத்தாள். அதன் பிறகு போர்வையை விலக்கி, அப்பாவின் முதுகுக்கு அடியில் கையை நுழைத்தாள்.

“மேடம், அந்தப் பக்கம் தோளைப் பிடிங்க. இவரைத் திருப்பணும். ஒரே பக்கமா விட்டா படுக்கைப் புண்ணு ஆழமாயிடும்.”

மேடம் பிடித்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் உயிருள்ள உடம்பு கனத்தது. இருவருமாகச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள். அக்கா படுக்கை விரிப்பின் சுருக்கங்களை ஒவ்வொன்றாக இழுத்து நீவினாள். புண்ணின் ஓரத்தில் மருந்து தடவினாள். எப்போதும் செய்கிற மாதிரியே செய்தாள். முதுகுக்கு ஒரு தலையணையைக் கொடுக்கக் குனிந்தபோதுதான் மூச்சு இடறியது.

“இப்பல்லாம் ஒரு ஆளா முடியறதில்ல,” என்றாள். “அவன் வந்தா இன்னொரு கை இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்.”

மேடம் அந்தத் தோளை இன்னும் பிடித்தபடியே நின்றாள். தலையணை சரியாக உட்காரும் வரை விட முடியாது.